தொடையில் வைக்கும் கலயம்

என் கட்டிலுக்கு அடியில் ஒரு கலயம் இருந்தது. உயரம் பதினாறு சென்டிமீட்டர், வாய் ஒன்பது. செய்தித்தாளில் சுற்றி, ஷூ வரும் அட்டைப்பெட்டி ஒன்றில் வைத்திருந்தேன். போன வருஷம் சித்திரையில் அதை நான் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

எங்கள் ஊர் பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டுப் பாலாற்றுப் பக்கம் இறங்கும் பாதையில் இருக்கிறது. இங்கே திரௌபதி அம்மன் கோயிலில் வருஷா வருஷம் சித்திரையில் பாரதக் கூத்து நடக்கும். கடைசி நாள் காலையில் படுகளம். கோயில் மைதானத்தில் துரியோதனனை ஏரி வண்டலில் செய்து மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். நீளம் இருபத்தெட்டு அடி. பீமன் வேஷம் கட்டியவர் அதைச் சுற்றிச் சுற்றி ஓடி, கடைசியில் கதாயுதத்தால் தொடையில் அடிப்பார். தொடைக்குள் புதைத்து வைத்த கலயம் உடைந்து, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர் பீறிடும். அதுதான் ரத்தம். திரௌபதி வேஷக்காரர் அதைத் தொட்டு, அத்தனை நாள் விரித்துப் போட்டிருந்த கூந்தலை முடிவார். அப்புறம் கூட்டம் உள்ளே புகுந்து, ஆளுக்கு ஒரு பிடி மண்ணை வீட்டுக்கு எடுத்துப் போகும். நெல் வைக்கும் இடத்தில் அந்த மண் இருந்தால் நல்லது என்று நம்பிக்கை. இப்போது பலர் பீரோவில் வைக்கிறார்கள்.

அந்த உருவத்தைச் செய்வது எங்கள் வீட்டு உரிமை. அப்பா செய்தார். பெண்கள் மண் சலித்துத் தரலாம், தண்ணீர் சுமக்கலாம். மண் தரையில் விழுந்து உருவம் தொடங்கிவிட்டால் தொடக் கூடாது, அதைச் சுற்றிப் போட்ட கோட்டைத் தாண்டவும் கூடாது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது அப்பா எனக்கு வேறு ஒரு வேலை கொடுத்தார். அவர் கயிறு பிடித்து அளவு சொல்லுவார், நான் கோட்டுக்கு வெளியே நின்று நோட்டில் எழுதுவேன். மூக்கு ஒரு முழம். மீசை ஒவ்வொரு பக்கமும் முழமும் நாலு விரலும். பின்னால் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தோல் வெட்ட அளவு அட்டை செய்யும் பேட்டர்ன் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, எல்லாவற்றையும் சென்டிமீட்டருக்கு மாற்றி எழுதினேன். அங்கே அரை மில்லிமீட்டர் தப்பினால் ஒரு லாட் முழுக்கத் திரும்பி வரும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறேன். காலை ஏழு இருபதுக்கு கம்பெனி பஸ், மாலை ஆறே காலுக்குத் திரும்பி வரும்.

அப்பா இறந்த பிறகு உரிமை தம்பிக்குப் போயிருக்க வேண்டும். தம்பி மஸ்கட்டில் இருக்கிறான். சித்தப்பா ஏழு வருஷம் செய்தார். சித்தப்பாவுக்குக் கை நன்றாக வரும், அளவு நினைவில் நிற்காது. நான் கோட்டுக்கு வெளியே நின்று நோட்டைப் படிப்பேன், அவர் செய்வார்.

கலயத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கடையில் வாங்கும் பானை ஆகாது. நன்றாக வெந்த பானைமேல் ஈரமண் ஒரு சாண் மூடியிருந்தால், அடி மண்ணிலேயே போய்விடும், பானைக்குள் இறங்காது. அதனால் அப்பா கலயத்தைச் சூளையின் ஓரத்தில் வைத்து, பாதி வெந்ததும் எடுத்துவிடுவார். தண்ணீரையும் முன்கூட்டி ஊற்ற மாட்டார். ஊற்றினால் கரைந்துவிடும். அடி விழ அரை மணி நேரம் இருக்கும்போது ஊற்றி மூடுவார். இது நோட்டில் இல்லை. கலயம் வீட்டில் செய்யும் வேலை, மைதானத்தில் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. சொல்லாததை நான் எழுதவில்லை. நோட்டில் இருந்தது கலயத்தின் உயரமும் வாய் அளவும் மட்டும்.

அப்பா எட்டுக் கலயங்கள் செய்து வைத்துவிட்டுப் போனார். வருஷத்துக்கு ஒன்றாக ஏழு போனது. எட்டாவது கட்டிலுக்கு அடியில் இருந்தது.

அம்மாவும் போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். கல்யாணம் நடக்கவில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நடக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டில் நான்கு நாற்காலிகள் இருக்கின்றன. வருஷத்தில் ஒரு நாள் அவை நான்கும் நிரம்பும். பங்குனி கடைசியில் கோயில் தர்மகர்த்தா இன்னும் மூன்று பேருடன் வெற்றிலைத் தட்டு எடுத்துக்கொண்டு வந்து, "இன்னாம்மா, நோட்டு ரெடியா?" என்று கேட்பார். முறைக்கு அவர் எனக்கு மாமா. நான் டீ போடுவேன். மற்ற நாட்களில் மூன்று நாற்காலிகளைச் சுவரோரமாகத் தள்ளி வைத்திருப்பேன், பெருக்க வசதியாக.

போன வருஷம் பங்குனியில் அவர் மட்டும் தனியாக வந்தார்.

"உங்க சித்தப்பனுக்கு முட்டி மடங்க மாட்டேன்னுது. ஆம்பளப் பசங்க எவன் வர்றான்? ஷிஃப்டுன்றான், ஓவர்டைம்ன்றான். ஒரே பேஜாரு. அதான் நம்ம ட்ராயிங் வாத்தியார்கிட்ட மண் வேலை கத்துக்குது பாரு, ஆறு பசங்க, அதுங்களையே விட்டுடலாம்னு இருக்கேன். நீ நோட்ட வெச்சி சொல்லிக் குடுத்துடும்மா."

"அதுல ரெண்டு பொண்ணுங்க இருக்காங்களே மாமா."

"இருந்தா இன்னா? காலம் எங்கியோ போய்டுச்சி. நல்லா செய்யுதுங்க, செய்யட்டும்."

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். சக்கரை கம்மியாக இருக்கிறது என்றும் சொன்னார். நான் உள்ளே போய்ச் சக்கரை எடுத்து வந்து போட்டேன்.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கக் கொட்டகையில், ஞாயிற்றுக்கிழமைகளிலும் மாலைகளிலும் சொல்லிக் கொடுத்தேன். முதலில் பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு துரியோதனன் செய்ய வைத்தேன். பள்ளிக்கூடம் முடித்துவிட்டவர்களும் இருந்தார்கள். மூத்தவள் வேலூரில் ஒரு கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் பெண். அவள் அப்பா தோல் பதனிடும் இடத்தில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓட்டுகிறார். மற்றவர்கள் அவள் பேச்சைக் கேட்டார்கள். அவளுக்கு அடுத்தவன் ஒரு நெட்டைப் பையன், வாய் ஓயாதவன்.

"இன்னா அத்த, மூக்குக்குக் கூட சென்டிமீட்டரா? சும்மா பெருசா ஒண்ணு வெச்சா ஒத்துக்க மாட்டாரா துரியோதனன்?"

"அவர் ஒத்துப்பாருடா, அத்த ஒத்துக்க மாட்டாங்க," என்றாள் அவள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மூன்று வாரமும் நான் வீட்டுக்குப் போனதும் விளக்கைப் போட்டுவிட்டு, அவர்கள் சொன்னதை டைரியில் எழுதினேன். பொதுவாக என் டைரியில் யார் பேச்சும் இருக்காது. பஸ் வந்த நேரம், வெயில், கம்பெனியில் வெட்டிய மாடல் எண், சமைத்தது, இவ்வளவுதான்.

அவள் கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தோளிலிருந்து கழுத்துக்கு மண்ணை இழுத்து விடும்போது கட்டை விரலை ஈரம் செய்து, ஒரே இழுப்பில் விடுவாள். நான் சொல்லிக் கொடுக்காதது. எனக்குத் தெரியாதது. அளவு எல்லாம் என்னிடம் இருந்தது, மண் எப்படி இருக்கும் என்பது என் கைக்குத் தெரியாது. வீட்டில் தனியாக ஒரு உருண்டை வைத்து நான் செய்து பார்த்திருக்கலாம். நாற்பத்தேழு வயது வரை அதையும் செய்ததில்லை.

படுகளத்துக்கு ஐந்து நாள் முன்பு அவள் கேட்டாள்.

"அத்த, தொடையில வெக்கிற பானை நம்மளே செய்யணுமா, இல்ல எதுனா வாங்கிக்கலாமா?"

நோட்டில் அந்தப் பக்கம் திறந்திருந்தது. உயரம் பதினாறு, வாய் ஒன்பது.

"அளவு சரியா இருந்தா போதும்," என்றேன்.

மறுநாள் அவள் கல்லூரி விட்டு வரும்போது வேலூர் பஜாரில் ஒரு பானை வாங்கி, டவுன் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். விரல் மடக்கித் தட்டிக் காட்டினாள். கணீரென்றது.

"கோயில் மணி மாதிரி இல்ல?"

நான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த காலிப்பரால் அளந்தேன். உயரம் பதினாறு புள்ளி ஒன்று. வாய் ஒன்பது. "சரியா இருக்கு," என்றேன். அன்று இரவு டைரியில் அந்த இரண்டு எண்களையும் எழுதினேன். வேறு எதுவும் எழுதவில்லை.

உருவம் நன்றாக வந்திருந்தது. இதை எழுதுவது எனக்குக் கடமை. சித்தப்பா செய்ததைவிட நன்றாக வந்திருந்தது. மீசை முறுக்கு இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நின்றது. கண்ணுக்குச் சுண்ணாம்பு, மீசைக்குக் கரி, கிரீடத்துக்கு மஞ்சள். கோட்டுக்கு உள்ளே ஆறு பேரும் மண்டியிட்டு வேலை செய்தார்கள், நான் கோட்டுக்கு வெளியே நின்று படித்தேன். கூட்டம் சேரும் முன்பே வந்து கும்பிட்டுவிட்டுப் போன பெண்கள் அந்த இரண்டு பெண்களையும் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

காலை ஒன்பது நாற்பதுக்குப் பீமன் முதல் அடியை அடித்தார். தொப்பென்று சத்தம் வந்தது. இரண்டாவது அடி. மண்ணில் ஒரு பள்ளம் விழுந்தது. மூன்றாவது அடியில் கதாயுதத்தில் ஒட்டியிருந்த ஜிகினாத் தாள் உரிந்து தொங்கியது.

கூத்தில் கோமாளி வேஷம் கட்டும் கட்டியங்காரன் உடனே உள்ளே வந்தார். "இன்னா பீமண்ணே, பன்னெண்டு வருஷம் காட்ல கெழங்கு துன்னு ஒடம்பு போய்ட்ச்சா?"

பீமன் மூச்சு வாங்கினார். "நானா? இவன் தொடையப் பாருய்யா. இன்னாதான் துன்னானோ!"

"ஆம்பூர் பிரியாணி துன்னவன்ணே. மேல வேற ஷூ கம்பெனி தோலப் போட்டுத் தெச்சிருக்காங்க. எக்ஸ்போர்ட் குவாலிட்டி, சீக்கிரம் கிழியாது!"

கூட்டம் சிரித்தது. நான்காவது அடி. ஐந்தாவது. சிரிப்பு குறைந்தது. திரௌபதி வேஷக்காரர் விரித்த கூந்தலை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார், முகத்துப் பூச்சு வேர்வையில் கழுத்துக்கு வழிந்தது. அவள், அந்தக் கல்லூரிப் பெண், தொடையைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடினாள். கண்டுபிடித்தாள். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்கிற பார்வை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நாற்பத்தாறு.

கடைசியில் நெட்டைப் பையன் கையால் மண்ணைப் பறித்து, பானையை முழுசாக வெளியே எடுத்தான். அதில் ஒரு கீறல்கூட இல்லை. பீமன் அதை வாங்கித் தரையில் போட்டு உடைத்தார். சிவப்புத் தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டி, மண்ணில் ஊறியது. திரௌபதி குனிந்து தரையிலிருந்து தொட்டு எடுத்துக் கூந்தலை முடிந்தார். தப்பட்டை அடித்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். ஆனால் எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண், "பூமில கொட்னத எடுத்து முடிஞ்சா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, மண் எடுக்காமலே போனாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் போனார்கள். எல்லோரும் போன பிறகும் துரியோதனனின் இரண்டு காலும் யாரும் மண் எடுக்காமல் அப்படியே கிடந்தன.

அடுத்த ஞாயிறு மாலை கோயிலில் கூட்டம் போட்டார்கள். ஆறு பேரையும் வரச் சொல்லியிருந்தார்கள். நானும் போனேன். கையில் அட்டைப்பெட்டி இருந்தது. வெள்ளி, சனி இரண்டு நாளும் அதைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து வெளியே வைத்து, திரும்ப உள்ளே வைத்தேன்.

தர்மகர்த்தா சொன்னார்: "பசங்கள கொற சொல்ல மாட்டேன். ஆனா ஊருக்கு ஒண்ணு ஆய்ட்ச்சின்னா யாரு பதில் சொல்றது? அடுத்த வருஷம் ஆரணி பக்கத்துலேர்ந்து ஆளக் கூட்டி வந்துடலாம்."

அவள் எழுந்து நின்றாள். "எங்க தப்புதான் தாத்தா. அளவெல்லாம் அத்த சொன்ன மாதிரியேதான் வெச்சோம். எதுல தப்பு பண்ணோம்னுதான் தெரியல. ஒரு வருஷம் குடுங்க, கண்டுபுடிச்சிடுறோம்."

நான் பெட்டியைத் திறந்து கலயத்தை எடுத்துத் தரையில் வைத்தேன். விரல் மடக்கித் தட்டினேன். அட்டையைத் தட்டுவது போல ஒரு சத்தம். பாதிதான் வெந்தது, அதனால்தான் உடையும் என்று சொன்னேன். வெந்த பானை உடையாது என்றும் எனக்குத் தெரியும், அவள் வாங்கி வந்த பானையைத் தட்டிக் காட்டியபோதே தெரியும் என்றும் சொன்னேன்.

"இது எங்கிட்ட இருந்தது. மறக்கல. வேணும்னுதான் குடுக்கல. பசங்க மேல ஒரு தப்பும் இல்ல."

மைதானத்தில் யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை.

"ஏம்மா?" என்றார் தர்மகர்த்தா.

"முப்பது வருஷத்துக்கு மேல கோட்டுக்கு வெளியே நின்னேன் மாமா. ஒரு நாள்கூட மண்ணத் தொட விடல. இவங்கள விட்டீங்க."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று நினைத்தேன். ஆச்சரியம்தான் வந்தது. உண்மையான ஆச்சரியம். "நீ கேக்கவே இல்லியேம்மா. கேட்டிருந்தா யாரு வேணாம்னு சொல்லியிருக்கப் போறா?"

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அப்பா காலத்தில் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். சித்தப்பாவின் ஏழு வருஷத்தில்? வீட்டுக்கு வந்து பழைய டைரிகளை எடுத்து, அந்த ஏழு சித்திரைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எந்த வருஷத்திலும் கேட்டதாக இல்லை. கேட்க நினைத்ததாகவும் எழுதவில்லை.

அடுத்த வருஷமும் வேலையைப் பிள்ளைகளுக்கே விட்டுவிட்டார்கள். மறுநாள் மாலை அவளும் நெட்டைப் பையனும் வீட்டுக்கு வந்தார்கள். நாற்காலிகளை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"எவ்ளோ நேரம் சூளைல வெக்கணும் மேடம்?"

அதுவரை அவள் என்னை அத்தை என்றுதான் கூப்பிட்டாள்.

"தெரியாது. அப்பா நெறத்தப் பாத்து எடுப்பாரு. பாத்திருக்கேன். செஞ்சதில்ல."

"அப்ப இத ஒடச்சிப் பாக்கலாமா? உள்ள எவ்ளோ வெந்திருக்குன்னு தெரிஞ்சிடும்."

அடுத்த வருஷத்துக்கு அதை வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன். உடையுங்கள் என்றேன். நெட்டைப் பையன் சமையல்கட்டிலிருந்து குழவியை எடுத்து வந்து ஒரு தட்டுத் தட்டினான். மூன்று துண்டானது. வெளியே ஒரு நகக்கண் அளவு சிவப்பு, உள்ளே ஏரி மண்ணின் சாம்பல் நிறம். அவள் என் ஸ்கேலைக் கேட்டு வாங்கி, துண்டின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தாள். பிறகு நோட்டைக் கேட்டாள். தொண்ணூற்று நான்கு பக்கங்கள். ஒவ்வொரு பக்கமாகப் போனில் எடுத்தாள், அவன் பக்கங்களைத் திருப்பிக் கொடுத்தான். பதினோரு நிமிஷம் ஆனது. நோட்டை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தாள். தேங்க்ஸ் மேடம் என்றாள்.

துண்டுகளை எடுத்துக்கொண்டு போனார்கள். பெட்டியைக் கேட்கவில்லை.

இந்த வருஷம் பங்குனியில் யாரும் வெற்றிலைத் தட்டு எடுத்துக்கொண்டு வரவில்லை. வர வேண்டிய அவசியம் இல்லை. வாட்ஸாப் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். மண் சலிப்பது, பிசைவது எல்லாம் படமாக வந்தது. அதில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. படுகளத்துக்கு முந்தின நாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அளவுக் கயிறோடு மைதானத்துக்குப் போனேன். உருவம் பெரும்பாலும் முடிந்திருந்தது.

"எல்லாம் ஆய்ட்ச்சி மேடம். நீங்க உக்காருங்க," என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். பிறகு ஒரு கலயத்தை எடுத்து வந்து என் காதுக்குப் பக்கத்தில் தட்டினாள். அட்டைச் சத்தம். "ஒம்பது செஞ்சோம். நாலு தண்ணி ஊத்துனதும் கரைஞ்சிட்ச்சி. ரெண்டு ஜாஸ்தி வெந்துட்ச்சி." பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

நாற்காலி தலைமாட்டில் இருந்தது. ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் காலடியில் சாயம் கலக்கிக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் கோடு போடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். இடது காதின் பின்னால் ஒரு வெடிப்பு இருந்தது. இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். வெயிலில் காய்ந்து பிளந்திருந்தது. எழுந்து, பக்கத்தில் இருந்த வாளியில் விரலை நனைத்து, கொஞ்சம் மண் எடுத்து, கட்டை விரலால் ஒரே இழுப்பாக இழுத்தேன். சரியாக வரவில்லை, மேடு நின்றது. திரும்ப இழுத்தேன். மண் நான் நினைத்ததைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையைக் கழுவாமல் வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் காலை ஒன்பது முப்பத்தெட்டுக்குக் கலயம் ஒரே அடியில் உடைந்தது. சிவப்பு, பீமனின் மார்பு வரை தெறித்தது. கூட்டம் கத்தியது. அவள் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தாள், நெட்டைப் பையன் அவளைச் சுற்றி ஓடினான். கூந்தல் முடிந்ததும் எல்லோரும் உள்ளே பாய்ந்தார்கள். நான் தலைமாட்டுக்குப் போவதற்குள் இடது காது இல்லை. யார் வீட்டுக்குப் போனதோ. கிரீடத்தில் பாதி, மூக்கு, மீசை எல்லாம் போய்விட்டது. குனிந்து, நடுவில் கிடந்ததில் ஒரு பிடி அள்ளினேன்.

அதை அந்த அட்டைப்பெட்டியில் போட்டு, கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். டைரியில் எழுத வேண்டும் என்பதற்காகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாயம் இல்லை, வளைவும் இல்லை. எந்தப் பாகம் என்று தெரியவில்லை.